ஏழாம் தறையின் கறுத்த மண்

என் மண் குறிப்பேடுகளில் ஒரு பிழை இருக்கிறது என்ற பேச்சு சில மாதங்களாக ஊரில் நடமாடுகிறது. அதைச் சொல்லித் திரிபவர்களில் பாதிப்பேர் அந்தக் குறிப்பேடுகளைக் கண்ணால் கண்டதில்லை. மற்றவர் வாயிலிருந்து என்னைப் பற்றிக் கேள்விப்படும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே, நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இரசாயனம் கற்பித்தவன். இடம்பெயர்ந்த குடும்பங்கள் திரும்பி வந்து பற்றைகளை வெட்டித் தோட்டங்களைத் துப்புரவாக்கத் தொடங்கிய காலத்தில், யாழ்ப்பாண வலிகாமத்துச் செம்பாட்டு மண் என்ன நிலையில் இருக்கிறது, ஆண்டுக்காண்டு அது தேறுகிறதா தேய்கிறதா என்று யாராவது ஒழுங்காகப் பார்த்து எழுதவேண்டும் என்று எனக்குப் பட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே பன்னிரண்டு தறைகளைத் தேர்ந்தெடுத்தேன். தறை என்பது எங்கள் பக்கத்தில் வேலியடைத்த தோட்டக்காணித் துண்டு. ஒவ்வொரு தறையிலும் ஓரிடத்தைக் குறித்து, வெள்ளை வர்ணம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டொன்றை அடித்து இறக்கினேன். ஒவ்வோர் ஆவணியிலும், மழைக்கு முன்னர், அந்தக் குழாயிலிருந்து இரண்டு எட்டுக்குள் ஐந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து ஒன்றாகக் கலப்பேன். பாதி ஆய்வுகூடத்துக்குப் போகும். மீதிப் பாதியை நிழலில் உலர்த்தி, ஜாம் போத்தலில் இட்டு, ஆண்டும் தறை இலக்கமும் எழுதி ஒட்டுவேன். ஆய்வு முடிவு வந்ததும் அதன் பிரதியொன்றைக் காணிக்காரருக்கு அனுப்புவேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதில் ஓர் ஆவணியையும் தவறவிடவில்லை.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. மண் எடுக்க வரும் நாளையும் நேரத்தையும் ஒரு கிழமைக்கு முன்னரே அஞ்சலட்டையில் எழுதி அறிவிப்பேன். தொலைபேசி வந்த பிறகு தொலைபேசியில். பிறருடைய காணிக்குள் சொல்லாமல் கால்வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு வேலிப் படலையடியில் நிற்பேன்.

ஏழாம் தறை காங்கேசன்துறை வீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஒழுங்கையொன்றில், நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர். வெங்காயமும் புகையிலையும் மாறி மாறிச் செய்த தோட்டம். காணிக்காரர் என்னிலும் மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மாஸ்ரர் என்பார். பன்னிரண்டு தறைகளிலும் எனக்காகத் தோட்டத்துக்குள் கதிரை கொண்டுவந்து போட்டவர் அவர் ஒருவர்தான். வெள்ளைக் குழாய்க்குப் பக்கத்தில், வரம்பின்மேல், கால் ஆடாமல் ஓட்டுத்துண்டு வைத்து, அந்தக் கதிரை எனக்காகக் காத்திருக்கும். நான் அதில் அமர்ந்து குறிப்பெழுதுவேன். கோப்பையும் சோசருமாகத் தேநீர் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

பதினொரு தறைகளிலும், மண்ணில் மக்கிக் கலந்திருக்கும் சேதனப் பொருள் ஆண்டுக்காண்டு குறைந்தது. ஏழாம் தறையில் மட்டும் ஏறியது. முதலாண்டு மண் செங்கல் நிறம். பிறகு கபில நிறம். கடைசியில் கறுப்பென்றே சொல்லலாம். அவர் பூவரசங்குழை வெட்டித் தழையுரமாக மண்ணில் தாழ்ப்பவர் என்பது எனக்குத் தெரியும். குழைதான் காரணம் என்று முடிவுசெய்தேன். விவசாயச் சங்கக் கூட்டங்களுக்கு என்னை அழைத்தபோதெல்லாம் ஏழாம் தறையின் முதற் போத்தலை ஒரு கையிலும் கடைசிப் போத்தலை மறுகையிலும் உயர்த்திப் பிடித்து, “ஒரே நிலம், ஒரே மனிதர்” என்பேன். சபை கைதட்டும். ஒருமுறை அவரையும் அழைத்து முன்வரிசையில் இருத்தி, எழுந்து நிற்கச் சொன்னேன். என் பெயரைக் கேட்டால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு போத்தல்கள்தான்.

சென்ற ஐப்பசியில் மண் ஆராய்ச்சி செய்யும் பெண் அதிகாரி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். குடாநாட்டு மண்ணின் நிலையை நீண்டகாலத்துக்குக் கண்காணிக்கும் வேலையொன்றைத் தொடங்குவதாகவும், பழைய பதிவு என்று சொல்லத்தக்கது என்னுடையது மட்டுமே இருப்பதாகவும் சொன்னார். அவர்களுடைய முதற் புத்தகத்தில் என் குறிப்பேடுகள் முழுமையாக வரும், முன்னுரையில் என் பெயர் இருக்கும் என்றார். எனக்கு வயது எண்பதை எட்டப்போகிறது. நான் போன பிறகு அந்தப் போத்தல்களைக் கழுவி ஊறுகாய் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அத்தனை குறிப்பேடுகளையும் படியெடுக்கக் கொடுத்தேன்.

பங்குனியில் அவர் மறுபடியும் வந்தார். இம்முறை கதிரையின் நுனியில்தான் அமர்ந்தார்.

“சேர், ஏழாம் தறையிலை இருபது இடத்திலை மண் எடுத்தனான். உங்கடை குழாயடியிலை மட்டும் எடுக்கேல்லை. அந்த ஐயா விடேல்லை. அது மாஸ்ரரின்ரை இடம், தொடாதேங்கோ எண்டிட்டார்.”

“நல்ல மனுசன்,” என்றேன்.

“இருபதும் ஒரே மாதிரித்தான் வந்திருக்கு. மற்றத் தறையள் போலை. உங்கடை கடைசிப் பதிவோடை வைச்சுப் பாத்தால் பாதி கூட இல்லை.”

“ஆய்வுகூடம் பிழை விட்டிருக்கும்.”

“ரெண்டு தரம் செய்து பாத்தனான், சேர்.”

“அப்ப என்ன சொல்ல வாறியள்?”

“போத்தல் கீத்தல் மாறுபட்டிருக்குமோ எண்டு…”

“பிள்ளை, நான் முப்பது வருஷம் பிள்ளையளுக்கு லேபல் ஒட்டப் பழக்கினவன்.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தலைகுனியவில்லை. பையிலிருந்து என் குறிப்பேட்டின் பிரதியை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து, ஓரத்தில் விரலை வைத்தார். என் கையெழுத்துத்தான். ‘மண் ஈரம். நீர் இறைப்பு நாள் போலும்.’

“அடுத்த வருஷமும் இதே குறிப்பு. அதுக்கடுத்த வருஷமும். ஐஞ்சு வருஷம் எழுதியிருக்கிறியள். பேந்து எழுதிறதை விட்டிட்டியள். ஏன் ஒவ்வொரு முறையும் ஈரமாயிருக்கு எண்டு கேட்டனீங்களோ, சேர்?”

நான் கேட்கவில்லை. என் மாணவன் ஒருவன் ‘போலும்’ என்று எழுதிப் பரிசோதனையை முடித்திருந்தால் சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்து, அந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்திருப்பேன்.

“சரி,” என்றேன். “என்ரை கண்ணுக்கு முன்னாலை, குழாயடியிலை, நீங்களே எடுங்கோ.”

“ஓம் சேர். ஆனால் சொல்லாமல் போவம்.”

“நான் ஒருத்தற்றை காணிக்குள்ளையும் சொல்லாமல் போனவன் இல்லை.”

“இந்த ஒருமுறைக்கு, சேர்.”

“இல்லை, பிள்ளை.”

அவர் போனபின் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளை மறுநாள் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றதும் மறுமுனையில் அவர் தன் மனைவியை அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது.

“என்ன அண்ணை, வசதியில்லையோ?”

“சீச்சீ. வாங்கோ, வாங்கோ. ஆனால் என்ன இது, பங்குனியிலை? ஆவணி கிடக்கெல்லே.”

“ஒரு சின்ன அலுவல்.”

“நாளையிண்டைக்கோ? சரி… ஒன்பதுக்கு முந்தி வந்திடாதேங்கோ.”

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு நாட்களாக என் காதை விட்டுப் போகவில்லை. குறித்த நாளில் இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கியபோது எட்டு மணியும் ஆகவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகச் சொன்ன நேரத்துக்கு ஒருமணி நேரம் முன்னதாக ஒரு வீட்டுப் படலையை நோக்கி நடந்தேன். ஒழுங்கையில் என் செருப்புச் சத்தம் எனக்கே கூடுதலாகக் கேட்டது.

கிளுவை வேலியின் இடைவெளியால் தோட்டம் தெரிந்தது. வெள்ளைக் குழாயடியில் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழந்தாளில் இருந்தார். பக்கத்தில் இரண்டு சாக்குகள், ஓர் அரிதட்டு. மாட்டெருவை அரித்து, மண்ணோடு சேர்த்து, கட்டிகளை விரலால் நசுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி வாளியிலிருந்து தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார். கதிரை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய் ஒன்பது மணிக்கு வரலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“அண்ணை!”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் குற்றத்தின் நிழல்கூட இல்லை. வேலை முடியுமுன் விருந்தாளி வந்துவிட்ட எரிச்சல் மட்டுமே இருந்தது.

“அட மாஸ்ரர்! ஒன்பது எண்டெல்லோ சொன்னனீங்கள்? இஞ்சை இன்னும் முடியேல்லை.”

“என்ன முடியேல்லை?”

“உங்கடை இடந்தான். ஆடிப்பிறப்போடை எருப்போட்டுக் கொத்திவிட்டால் ஆவணிக்குப் பதமாய் வந்திடும். கடைசி நாள் தண்ணி தெளிச்சு மட்டப்படுத்திறது மட்டுந்தான் வேலை. நீங்கள் இப்பிடித் திடீரெண்டு பங்குனியிலை வந்தால் நான் என்ன செய்யிறது?”

“நேற்று முழுக்க எரு அரிச்சது, மாஸ்ரர்,” என்றார் மனைவி. “குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சு போச்சு. இந்தாளுக்கு விசர்.”

“எத்தினை வருஷமாய் இப்பிடி?” என்று கேட்டேன்.

“துவக்கத்திலை இருந்துதான். முதல் வருஷம் நீங்கள் சும்மா வந்து எடுத்துக்கொண்டு போட்டியள். பேந்து கடுதாசி வந்துது, சேதனப் பொருள் குறைவு எண்டு. அதை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் நான் ஒழுங்கையாலை போகேல்லை. எங்கையோ கந்தோரிலை இருக்கிற ஒருத்தன் என்ரை மண்ணைக் கையிலை எடுத்துப் பாத்து, உது உதவாது எண்டு எழுதிப்போட்டான். அடுத்த வருஷம் விடுவனோ?”

“மற்ற இடங்களுக்கு?”

“நாலு பரப்புக்கும் போட எருவுக்கு எங்கை போறது, மாஸ்ரர்? மாடு ரெண்டுதானே. ஆள் வந்து இருக்கிற இடத்தைத்தானே கூட்டித் தெளிச்சு வைக்கிறது.”

அவர் சிரித்தார். எனக்காக இருபது ஆண்டுகள் கூட்டித் தெளித்த இடம் என் காலடியில் கறுத்து, பொலபொலவென்று கிடந்தது. மேடைமேடையாக நான் தூக்கிப் பிடித்த மண் அதுதான்.

அப்போது ஒழுங்கையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்த அதிகாரியும் நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். சொல்லாமல் போவோம் என்றவர் அல்லவா. சாக்குகளை ஒதுக்கவோ அரிதட்டை மறைக்கவோ நேரமில்லை, அண்ணைக்கு அந்த எண்ணமுமில்லை. அதிகாரி ஓகர் என்னும் திருகி இறக்கும் இரும்புக்கோலோடு உள்ளே வந்து, குழாயடியைப் பார்த்தார்.

“இதென்ன ஐயா, எருப் போட்டிருக்கோ?”

அண்ணை பெருமையோடு வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“மண் ஈரமாய்க் கிடக்கு, பிள்ளை. இண்டைக்கு எடுக்கேலாது.”

அவர் மண்ணைப் பார்த்தார், அரிதட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஓம் சேர்,” என்றார் மெதுவாக. “ஈரமாய்த்தான் கிடக்கு.”

தேநீரைக் குடித்துவிட்டு, அண்ணையின் மனைவிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் சொன்னதில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. மண் ஈரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், இரண்டு பஸ்களிலும், இந்த வாதத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது எனக்கே எடுபடவில்லை.

ஒரு கிழமை கழித்து அவர் தொலைபேசி எடுத்தார். “சேர், ஏழாம் தறையை விட்டிட்டுப் பதினொண்டையும் போடுவமோ? ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“புத்தகம் எப்ப அச்சுக்குப் போகுது?”

“வருஷப்பிறப்பு முடிஞ்ச கையோடை.”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

சித்திரை வருடப்பிறப்புக்குப் பத்து நாட்கள் இருந்தன. அந்தப் பத்து நாட்களில் எட்டை நான் வீணாக்கினேன். ஏழாம் தறையை அப்படியே விட்டால், நாளை அந்தப் பதிவை நம்பி ஆய்வு செய்பவர் எவரும் என் பெயரோடு சேர்ந்தே வழிதவறுவர். அதை ஓசையின்றி நீக்கினால், இரண்டு போத்தல்களையும் கண்ட நூற்றுக்கணக்கானோரில் ஒருவராவது ஏழு எங்கே என்று கேட்பார். மாஸ்ரரே போத்தலை மாற்றிவிட்டார் என்றுதான் கேட்பவர் முதலில் நினைப்பார். உண்மையை எழுதினால் ஊர் அண்ணையைத்தான் குற்றஞ்சொல்லும். மாஸ்ரரைப் பேய்க்காட்டி ஏமாற்றின ஆள் என்று சங்கக் கூட்டத்தில் சிரிப்பார்கள். தன் மண்ணைக் குறைவென்று ஒரு கடுதாசி சொன்னதற்கே இரண்டு நாள் ஒழுங்கையில் தலைகாட்டாத மனிதர் அவர்.

ஒன்பதாம் நாள் போனேன். போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன். கதிரை போட்டிருந்தது. நான் அமரவில்லை. அவருடைய மனைவி சற்றுத் தள்ளி, வேம்பின் நிழலில் சாக்கை விரித்து, வெங்காயத்தாரை அறுத்துக்கொண்டிருந்தார்.

விடயத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் இறுகியது.

“அப்ப நான் உங்களைப் பேய்க்காட்டினனான் எண்டுதான் சொல்ல வாறியள்.”

“அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை.”

“நான் ஒருநாளாவது மறைச்சனானோ? பட்டப்பகலிலை, ஒழுங்கையாலை போறவை வாறவை பாக்கத்தானே கொத்தினனான். நீங்கள் கேட்டனீங்களோ?”

“கேக்கேல்லை.”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.”

“அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான் எத்தினை மேடையிலை ஏறினனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியும். ஒருக்கால் என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையிலை இருத்தினியள். எழும்பி நில்லுங்கோ எண்டியள். நிண்டன். இவரின்ரை மண்ணைப் பாருங்கோ எண்டு சனத்துக்குச் சொன்னனீங்கள். இப்ப அதே வாயாலை, இவர் கள்ளமண் குடுத்தவர் எண்டு சொல்லப் போறியள். அதுதானே?”

“பொய்யை அச்சிலை விட்டிட்டு நான் சாகேலாது, அண்ணை.”

“உங்கடை பேருக்குத்தானே பயம்! என்ரை பேர் என்ன, தறையிலை கிடக்கிற கல்லோ?”

இருவரும் நின்றபடியே கத்திக்கொண்டிருந்தோம். இறைப்பு மெசின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த தறைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்ப்பதைக் கண்டேன். என் வயதுக்கும் படிப்புக்கும் அது அடுக்காது என்று தெரிந்தும் குரலைத் தணிக்க முடியவில்லை.

வெங்காயத்தார் அறுக்கும் சத்தம் நின்றது.

“ரெண்டு பேரும் நல்லாச் சண்டை பிடியுங்கோ. பேந்து நான் ஒண்டு கேக்கிறன்,” என்றார் அண்ணையின் மனைவி, கத்தியை வைக்காமலே. “மாஸ்ரர், நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் இன்ன நாள், இன்ன நேரம் வாறன் எண்டு அட்டை போட்டனீங்கள்?”

“அது மரியாதை, அக்கா.”

“ஓம், மரியாதைதான். பொம்பிளை பாக்க வாறமாதிரி நாள் குறிச்சு, நேரம் குறிச்சு, ஒவ்வொரு வருஷமும் அந்தக் குழாயடிக்கே வந்தால், பொம்பிளைக்குப் பூ வைக்காமல் விடுவினமோ? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அங்கை கொஞ்சம் இஞ்சை கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போயிருந்தால், இந்தாள் என்னத்தைச் சோடிச்சிருக்கும்?”

அண்ணை “சும்மா இரும்” என்றார். ஆனால் அவர் வாயோரம் துடித்ததைக் கண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பறையில் வைத்திருந்த ஒழுங்குமுறை அத்தனையையும் இருபது ஆண்டுகளாகத் தறைக்குள் கொண்டுவந்தவன், நான் வருவதற்கு முன்னரே என் வருகை அந்த மண்ணை மாற்றிவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அதிகாரி சொல்லாமல் போவோம் என்றபோதும் நான் விளங்கிக்கொள்ளவில்லை. வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தவர் விளங்கப்படுத்தினார்.

கதிரையில் அமர்ந்தேன். பையிலிருந்து தாளை எடுத்து எழுதி, மெசினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசித்துக் காட்டினேன்:

‘ஏழாம் தறை: முதலாண்டுப் பதிவு மட்டுமே கொள்ளத்தக்கது. பின்வந்த ஆண்டுகளில், மண் எடுப்பவர் தமது வருகையை முன்னரே அறிவித்து, ஒரே இடத்தில் மட்டும் மண் எடுத்தமையால், அவ்விடம் தனியாகப் பேணப்பட்டது. தவறு மண் எடுத்தவருடையது.’

அண்ணை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“தனியாகப் பேணப்பட்டது… ஆராலை?”

“அதை எழுதத் தேவையில்லை, அண்ணை. உங்கடை பேச்சே வராது.”

“ஏன் வராது?” அவர் குரல் மறுபடி உயர்ந்தது. “இருபது வருஷம் எரு அரிச்சவன் நான். ஏதோ பேய் பிசாசு வந்து செய்தமாதிரி எழுதியிருக்கிறியள். காணிக்காரராலை எண்டு எழுதுங்கோ.”

“சிரிப்பினம், அண்ணை.”

“சிரிக்கட்டும். நாலு பரப்பும் அப்பிடி வைச்சிருக்க எரு இருந்தால் நானும் வைச்சிருப்பன். ஒரு துண்டையாவது வைச்சிருந்தனான் எண்டு தெரியட்டும்.”

“தண்ணி தெளிச்சது ஆராம்?” என்றது வேம்படி.

ஆகவே ‘காணிக்காரராலும் அவர்தம் மனைவியாராலும் தனியாகப் பேணப்பட்டது’ என்று திருத்தினேன். புத்தகத்தில் இப்போதும் அப்படியே இருக்கிறது. அதிகாரி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தொலைபேசியில் “நன்றி சேர்” என்று மட்டும் சொன்னார். சிறிது பொறுத்து, “மற்றப் பதினொண்டும்?” என்று கேட்டார்.

அதைத்தான் நான் அஞ்சிக்கொண்டிருந்தேன். அச்சைத் தள்ளிவைத்துவிட்டு, வைகாசி முழுவதும் இருவரும் பதினொரு தறைகளுக்கும் போனோம், முன்னறிவிப்பின்றி. ஒன்பது இடங்களில் குழாயைச் சுற்றி எவரும் எதுவும் செய்திருக்கவில்லை. ஓரிடத்தில் குழாயையே காணவில்லை. மற்றோரிடத்தில் அதை ஆடு கட்டும் கட்டையாக்கியிருந்தார்கள். பொருத்தமான உயரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று அந்த வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொன்னார். அந்த இரண்டுக்கும் குறிப்பெழுதினேன்.

புத்தகம் வெளிவந்த பின் ஊர் பேசியது. செத்தவீடொன்றில், என்னோடு கற்பித்த ஒருவர், பலர் கேட்கும்படி, “என்ன மாஸ்ரர், மண்ணுக்கும் ரியூசன் குடுத்துச் சோதினைக்கு அனுப்பினனீங்களாம்?” என்றார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “ஓம்,” என்றேன். “ரியூசன் எடுக்காத மண்ணின்ரை பெறுபேறு உங்களுக்குத் தெரியும்தானே. உங்கடை தோட்டத்து மண் மூண்டாம் தறை.” அதன் பின் அவர் என்னோடு கதைப்பதில்லை.

ஆவணி வந்தது. அன்று எந்தத் தறைக்குப் போவது என்பதை அந்தக் காலையில்தான் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்பது அதிகாரி வகுத்த புதிய ஒழுங்கு. அவர் வேறொரு திசையில் போனார். எனக்கு ஏழு விழுந்தது.

படலையடியில் நின்றபோது கூப்பிடுவதற்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். கொக்கியை நானே கழற்றி, எவரும் அழைக்காமல், ஒரு கள்வனைப்போல உள்ளே போனேன். அண்ணை தூரத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். கண்டதும் இரண்டு எட்டு என்னை நோக்கி வைத்தவர் நின்றுவிட்டார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாய்க்காலை வெட்டிவிட்டார். அதுவும் பேசிக்கொண்ட ஒழுங்குதான். கதிரை இல்லை, தேநீர் இல்லை.

வெள்ளைக் குழாயடியில் அவருடைய மனைவி கத்தரி நட்டிருந்தார். காய்கள் நிலத்தைத் தொட்டன. ஒரு செடியைக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

அதை விட்டு விலகி, தறை முழுவதும் நடந்து, இருபது இடங்களில் ஓகரைத் திருகி இறக்கினேன். ஒவ்வோர் இடத்திலும் நிலம் இறுகிக் கிடந்தது. பாதிக்கு மேல் இறங்க என் முழுப் பாரத்தையும் கொடுக்கவேண்டியிருந்தது. வெளியே வந்த மண் சிவப்பு. கடைசிக் குழியருகே நிமிர்ந்தபோது அண்ணை பக்கத்தில் நின்றார். பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்கமாட்டாமல் வந்திருக்கிறார். பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

“முதல் வருஷத்துப் போத்தல் மாதிரித்தான் கிடக்கு, என்ன?”

“அதிலும் கொஞ்சம் குறைவு போலை.” சொன்னபின் என்னைத் திருத்திக்கொண்டேன். “போலை இல்லை. குறைவுதான். முடிவு வரட்டும்.”

அவர் ஒழுங்கைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எவருமில்லை. கையைச் சாரத்தில் துடைத்தார்.

“எழுதுங்கோ,” என்றார்.

மெசினை நிறுத்தப் போய்விட்டார். நான் வரம்பில், வெறும் மண்ணில் இருந்து, குறிப்பேட்டை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினேன்.